தூரம் கொஞ்சம், ஏற்றம் அதிகம்: காட்டுப் பாதையில் மலை உச்சிக்கு ஏறி இறங்க முழு வழிகாட்டி

"வெறும் 2 கிலோமீட்டர்தானே, காலையில் போனால் மதியத்துக்குள் வந்துவிடலாம்" என்று ஒரு தண்ணீர் பாட்டிலை மட்டும் கையில் பிடித்துக்கொண்டு கிளம்பியவர்கள், பாதி ஏற்றத்தில் மரத்தைப் பிடித்தபடி மூச்சு வாங்கிக்கொண்டு நிற்பதை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். அவர்கள் யாரும் பலவீனமானவர்கள் இல்லை. கிலோமீட்டரைப் பார்த்து முடிவு செய்தார்கள், அவ்வளவுதான். இந்த மாதிரிப் பாதையைத் தூரத்தால் அளக்கக் கூடாது, உயரத்தால் அளக்க வேண்டும். கூடவே இன்னொன்று: உச்சி என்பது பாதி வழிதான். கீழே இறங்கவும் காலில் தெம்பு வேண்டும், அந்தத் தெம்பை ஏறும்போதே மிச்சம் பிடித்து வைக்க வேண்டும். கீழே நான் சொல்கிற எல்லாம் இந்த இரண்டு விஷயத்துக்குள் அடங்கிவிடும்.

வீட்டிலேயே கணக்குப் போடுங்கள்

பாதையைப் பற்றி உங்களுக்கு இரண்டு எண் தெரிய வேண்டும்: ஒருவழித் தூரம், மொத்த ஏற்றம். ஸ்காட்லாந்து மலையேறியான வில்லியம் நெய்ஸ்மித் 1892-இல் சொன்ன ஒரு கணக்கு இன்றும் பயன்படுகிறது. தூரத்துக்கு 5 கிலோமீட்டருக்கு 1 மணி நேரம், அதோடு ஏற்றத்துக்கு 600 மீட்டருக்கு 1 மணி நேரம் கூட்டிக்கொள்ள வேண்டும். 2 கிலோமீட்டர் பாதை, 600 மீட்டர் ஏற்றம் என்று வைத்துக்கொள்வோம். தூரத்துக்கு 24 நிமிடம், உயரத்துக்கு 60 நிமிடம், ஆக 84 நிமிடம். இது நல்ல உடற்பயிற்சி உள்ளவர் நிற்காமல் நடக்கிற கணக்கு. முதல் முறை போகிறவர் இதை ஒன்றரையால் பெருக்கிக்கொள்ளுங்கள், 2 மணி நேரத்துக்கு மேல் வரும். ஓய்வு நேரம் தனி.

இறங்குவதற்கு நெய்ஸ்மித் எதையும் கூட்டவில்லை. பின்னால் வந்த எரிக் லாங்மியூர் அதைத் திருத்தினார்: சரிவு 12 டிகிரிக்கு மேல் இருந்தால், இறங்கும் ஒவ்வொரு 300 மீட்டருக்கும் 10 நிமிடம் கூட்ட வேண்டும். நம் பாதையில் 2000 மீட்டர் நடந்து 600 மீட்டர் ஏறுகிறோம், அதாவது 30 சதவீதச் சரிவு, கிட்டத்தட்ட 17 டிகிரி. ஆக இறங்கக் குறைந்தது 44 நிமிடம், அதையும் ஒன்றரையால் பெருக்கினால் 1 மணி நேரத்துக்கு மேல். 17 டிகிரி என்பது சராசரிதான். நடுவில் சமமான இடங்கள் இருந்தால், அதை ஈடுகட்ட வேறெங்கோ கையை ஊன்றி ஏறுகிற அளவுக்குச் செங்குத்தாக இருக்கும். சம உயரக் கோடுகள் உள்ள வரைபடம் கிடைத்தால் பாருங்கள், கோடுகள் எங்கே நெருக்கியடித்துக்கொண்டு நிற்கின்றனவோ அங்கேதான் உங்கள் தொடை எரியப் போகிறது.

இப்போது சூரியன் மறையும் நேரத்திலிருந்து பின்னோக்கிக் கணக்கிட்டு, "இத்தனை மணிக்கு எங்கே இருந்தாலும் திரும்பிவிடுவோம்" என்று ஒரு நேரத்தை முடிவு செய்யுங்கள். இதை வீட்டில் வைத்தே முடிவு செய்ய வேண்டும். உச்சி கண்ணுக்குத் தெரிகிற இடத்தில் நின்றுகொண்டு யோசித்தால் எல்லோருக்கும் "இன்னும் பத்தே நிமிடம்" என்றுதான் தோன்றும், எனக்கும்தான். கூட வருகிறவர்களிடமும் அந்த நேரத்தைச் சொல்லிவிடுங்கள். வீட்டில் ஒருவரிடம் எந்தப் பாதை, எத்தனை பேர், எத்தனை மணிக்குள் போன் வராவிட்டால் உதவி கேட்க வேண்டும் என்பதையும் சொல்லிவிட்டுப் போங்கள். அனுமதி வாங்க வேண்டிய காடா, பாதை திறந்திருக்கிறதா என்பதையும் முன்கூட்டியே விசாரித்துவிட வேண்டும்.

கால்களுக்குப் பயிற்சி

நாலு வாரம் இருந்தால் போதும். மாடிப்படிதான் இதற்குச் சரியான பயிற்சி. வாரத்துக்கு மூன்று நாள், முதல் வாரம் 10 நிமிடம், அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாக 30 நிமிடம், கடைசி இரண்டு வாரம் முதுகில் பையோடு. பலர் படியில் ஏறிவிட்டு லிஃப்டில் இறங்குகிறார்கள், அதுதான் தவறு. ஏறும்போது தொடைத் தசை சுருங்கி வேலை செய்கிறது, இறங்கும்போது அதே தசை நீண்டுகொண்டே உங்கள் எடையைத் தாங்கி பிரேக் போடுகிறது. தசை நார்களைக் கிழித்து மறுநாள் வலியைக் கொடுப்பது பெரும்பாலும் இந்த இரண்டாவது வேலைதான். அதனால் மெதுவாக, தடதடவென்று இல்லாமல், படி இறங்கிப் பழகுங்கள். ஒரு படியின் விளிம்பில் ஒற்றைக்காலில் நின்று, இன்னொரு காலின் குதிகால் கீழ்ப்படியைத் தொடும்வரை மூன்று எண்ணிக்கையில் இறக்கி மறுபடி மேலே வருவது நல்ல பயிற்சி, ஒரு காலுக்குப் பத்து முறை. இதய நோயோ மூட்டுப் பிரச்சினையோ இருந்தால் மருத்துவரிடம் கேட்டுவிட்டு ஆரம்பியுங்கள்.

ஷூ, லேஸ், நகம்

புது ஷூவோடு மலைக்குப் போகாதீர்கள். பத்து நாளாவது போட்டு நடந்திருக்க வேண்டும். வாங்கும்போது மாலை நேரத்தில் போய் வாங்குங்கள், நாள் முழுக்க நடந்த பாதம் கொஞ்சம் வீங்கியிருக்கும், மலையிலும் அப்படித்தான் வீங்கும். விரல்களுக்கு முன்னால் ஒரு கட்டைவிரல் அகலம் இடம் இருக்க வேண்டும். அடிப்பகுதியில் ஆழமான பள்ளங்கள் இல்லாத, தேய்ந்துபோன ஓட்டப்பயிற்சி ஷூ ஈர மண்ணில் நிற்கவே நிற்காது.

கால் நகங்களை இரண்டு மூன்று நாள் முன்னால் வெட்டிவிடுங்கள். இறக்கத்தில் ஒவ்வொரு அடியிலும் பாதம் முன்னால் சறுக்கி நகம் ஷூவின் நுனியில் இடிக்கும், நீளமான நகம் என்றால் கறுத்துப்போகும்.

லேஸ் கட்டுவதில் ஒரு வித்தை இருக்கிறது, இதைத் தெரிந்துகொண்ட பிறகு என் கால்விரல்கள் பிழைத்தன. ஷூவின் மேலே கடைசியாக ஒரு துளை கூடுதலாக இருக்கும், பலர் அதில் லேஸைக் கோப்பதே இல்லை. கடைசிக்கு முந்தைய துளையிலிருந்து வரும் லேஸை, எதிர்ப்பக்கம் கொண்டுபோகாமல், அதே பக்கத்துக் கடைசித் துளைக்குள் வெளியிலிருந்து உள்ளே விடுங்கள். ஒரு சின்ன வளையம் கிடைக்கும். இரண்டு பக்கமும் இப்படிச் செய்துவிட்டு, வலது லேஸை இடது வளையத்துக்குள்ளும் இடது லேஸை வலது வளையத்துக்குள்ளும் நுழைத்து, கீழ்நோக்கி இழுத்து, அப்புறம் வழக்கம்போல முடிச்சுப் போடுங்கள். குதிகால் ஷூவின் பின்பக்கத்தில் பூட்டியது மாதிரி உட்கார்ந்துவிடும், பாதம் முன்னால் ஓடாது. ஏறும்போது சாதாரணமாகக் கட்டியிருந்தாலும் பரவாயில்லை, உச்சியில் உட்கார்ந்து இப்படி மாற்றிக் கட்டிவிட்டுத்தான் இறங்க வேண்டும்.

பையில் என்ன

இரண்டு கையும் காலியாக இருக்க வேண்டும், அதனால் கையில் பிடிக்கும் பாட்டில், தோளில் ஆடும் ஒற்றைப் பை எதுவும் வேண்டாம். இடுப்புப் பட்டை உள்ள சின்னப் பை போதும். தண்ணீர், மணிக்கு அரை லிட்டர் என்று கணக்கு, வெயிலும் புழுக்கமும் இருந்தால் இன்னும் கூடுதலாக. நம் உதாரணப் பாதைக்கு ஆளுக்கு 2 லிட்டர் எடுத்துக்கொள்வேன். வெறும் தண்ணீரையே மடமடவென்று குடித்துக்கொண்டிருந்தால் இரத்தத்தில் உப்பு குறைந்து தலைவலி, குமட்டல் வரலாம், அதனால் ஒரு பாட்டிலில் ஓ.ஆர்.எஸ். கலந்துகொள்ளுங்கள், அல்லது உப்புள்ள தின்பண்டம் கொஞ்சம் வையுங்கள். வேர்க்கடலை, உலர் பழம், வாழைப்பழம் மாதிரி நின்றபடியே சாப்பிட முடிகிறவை நல்லது.

அப்புறம் மழைக்கோட்டு, மெல்லிய கம்பளி ஆடை, உலர்ந்த சாக்ஸ் ஒரு ஜோடி, விசில், கொப்புளத்துக்கு டேப், சுருள் கட்டு, உங்கள் வழக்கமான மருந்து. பகலில் போகும் பயணம் என்றாலும் தலையில் மாட்டும் டார்ச் கட்டாயம் வேண்டும். போன் டார்ச் அதற்கு ஈடாகாது, கையைப் பிடித்துக்கொள்ளும், பேட்டரியையும் தின்னும். பருத்திச் சட்டை வியர்வையைக் குடித்துக்கொண்டு காயாமல் இருக்கும், உச்சிக் காற்றில் அதுவே குளிரைக் கொடுக்கும். சீக்கிரம் காயும் செயற்கை இழைத் துணி போடுங்கள்.

வரைபடத்தைப் போனில் முன்பே இறக்கி வைத்துவிட்டு விமானப் பயன்முறையில் போடுங்கள். சிக்னல் இல்லாவிட்டாலும் ஜி.பி.எஸ். வேலை செய்யும், சிக்னலைத் தேடித் தேடித்தான் பேட்டரி காலியாகிறது.

ஊன்றுகோல் இருந்தால் முழங்காலுக்குப் பெரிய உதவி. சமதளத்தில் முழங்கை 90 டிகிரி மடங்கும் உயரம், ஏற்றத்தில் கொஞ்சம் குறைத்து, இறக்கத்தில் 5 முதல் 10 சென்டிமீட்டர் கூட்டி. கையால் பாறையைப் பிடிக்க வேண்டிய இடத்தில் மட்டும் மடித்துப் பையில் சொருகிவிடுங்கள்.

ஏற்றம்

விடிந்ததும் கிளம்புங்கள். வெயில் ஏறுவதற்கு முன்பே பெரும்பகுதி ஏறிவிடலாம், மலையில் இடிமழை பெரும்பாலும் பிற்பகலில்தான் கூடிவரும்.

முதல் 20 நிமிடம் "இது ரொம்ப மெதுவாக இருக்கிறதே" என்று தோன்றுகிற வேகத்தில் நடங்கள். இதயமும் நுரையீரலும் வேலைக்குத் தயாராகக் கொஞ்ச நேரம் எடுக்கும், அதற்குள் வேகமாக ஏறினால் தசை திணறிவிடும், அந்த அசதி நாள் முழுக்கப் போகாது. சரியான வேகத்துக்கு எளிய சோதனை பேச்சுதான்: ஒரு முழு வாக்கியத்தை மூச்சு இடறாமல் சொல்ல முடிந்தால் சரி, இரண்டு சொல்லுக்கு ஒரு மூச்சு என்றால் வேகத்தைக் குறையுங்கள். குழுவாகப் போனால் மெதுவாக நடக்கிறவர் முன்னால் போகட்டும். அவர் பின்னால் இருந்தால், மற்றவர்கள் நின்று ஓய்வெடுத்துக் காத்திருப்பார்கள், அவர் வந்து சேர்ந்ததும் கிளம்பிவிடுவார்கள், அதிகம் ஓய்வு வேண்டியவருக்கு ஓய்வே கிடைக்காது.

அடியைச் சின்னதாக வையுங்கள். உயரமான ஒரு எட்டுக்குப் பதில் பக்கத்தில் இருக்கும் கல்லையோ வேரையோ இடைப்படியாக வைத்து இரண்டு சின்ன எட்டு. முன்பாதத்தால் மட்டும் ஏறினால் கெண்டைக்கால் சீக்கிரம் சோர்ந்துவிடும், முழுப் பாதமும் தரையில் பதியட்டும். பாதை அகலமாக இருந்தால் அதன் அகலத்துக்குள்ளேயே இடமும் வலமுமாக வளைந்து ஏறலாம்.

ரொம்பச் செங்குத்தான இடத்துக்கு மலையேறிகள் பயன்படுத்தும் ஒரு நடை இருக்கிறது. முன்காலை வையுங்கள், ஆனால் எடையை இன்னும் அதன்மேல் போடாதீர்கள். பின்காலின் முழங்காலை நேராக்கி நில்லுங்கள், இப்போது உங்கள் எடையைத் தாங்குவது தசை இல்லை, எலும்பு. முன்தொடை தளர்ந்து இருக்கும். ஒரு நொடி அப்படியே. மூச்சை விடுங்கள், எடையை முன்னால் மாற்றி எழுந்திருங்கள், அடுத்த கால். ஒவ்வொரு அடியிலும் ஒரு தொடைக்கு ஒரு நொடி ஓய்வு கிடைக்கிறது. ஆயிரம் அடி என்றால் ஆயிரம் நொடி! பழகும்வரை செயற்கையாக இருக்கும், பழகிவிட்டால் நின்று நின்று போவதைவிட இப்படி நிற்காமல் போவதே சீக்கிரம் கொண்டுபோய்ச் சேர்க்கும்.

காட்டுப் பாதையில் கண் எப்போதும் மூன்று நான்கு அடி முன்னால் இருக்க வேண்டும். பட்டை உரிந்து வழவழப்பான வேர் ஈரமாக இருந்தால் சோப்புக்கட்டிதான். அதன் நீளவாக்கில் கால் வைக்கவே கூடாது, முடிந்தவரை வேருக்கு வேர் நடுவில் இருக்கும் மண்ணில் மிதியுங்கள். சருகு தடிமனாகக் கிடக்கும் இடத்தில் அடியில் பள்ளமோ உருளும் கல்லோ இருக்கலாம், ஊன்றுகோலால் ஒருமுறை குத்திப் பாருங்கள். விழுந்து கிடக்கும் மரத்தைத் தாண்டும்போது அந்தப் பக்கம் என்ன இருக்கிறது என்று எட்டிப் பார்த்துவிட்டுக் காலை வையுங்கள், பாம்பு படுத்திருப்பதற்கு அது பிடித்தமான இடம். கையால் பிடித்து ஏறும் இடத்தில் இரண்டு கை இரண்டு கால் என்ற நான்கில் மூன்று எப்போதும் ஊன்றியிருக்க வேண்டும். பிடிக்கும் மரம் உயிருள்ளதா என்று பாருங்கள், இலையில்லாத காய்ந்த கிளை கையோடு வந்துவிடும். கல் உருண்டால் உடனே "கல்! கல்!" என்று கத்துங்கள், செங்குத்தான இடத்தில் ஒருவருக்கு நேர் கீழே இன்னொருவர் நிற்காதீர்கள்.

வியர்க்க ஆரம்பிக்கும் முன்பே மேலாடையைக் கழற்றிவிடுங்கள். பாதத்தில் எங்காவது சூடாக உறுத்தினால் "பார்த்துக்கலாம்" என்று விடாமல், அங்கேயே உட்கார்ந்து டேப் ஒட்டுங்கள். கொப்புளம் வந்துவிட்டால் அப்புறம் என்ன செய்தாலும் வலிக்கும், முன்பே ஒட்டினால் இரண்டு நிமிட வேலை. ஓய்வு குறுகியதாக இருக்கட்டும், நின்றபடி ஒரு நிமிடம், ஒரு மணி நேரத்துக்கு ஒருமுறை உட்கார்ந்து 5 நிமிடம். அட்டை கடித்தால் பதறி இழுக்க வேண்டாம், உப்போ நெருப்போ வேண்டாம், ஒல்லியான வாய்ப்பக்கத்தின் அடியில் விரல் நகத்தை நுழைத்துத் தள்ளினால் விட்டுவிடும். உண்ணி என்றால் இடுக்கியால் தோலுக்கு மிக அருகில் பிடித்து நேராக மேலே இழுக்க வேண்டும், முறுக்கக் கூடாது.

ஒவ்வொரு கிளைப்பாதையிலும் நின்று திரும்பிப் பாருங்கள். ஏறும்போது பார்த்த காடும் இறங்கும்போது பார்க்கும் காடும் வேறு வேறு மாதிரி இருக்கும். ஒரு போட்டோ எடுத்து வைத்துக்கொண்டால் இன்னும் நல்லது. வளைந்து வளைந்து போகும் பாதையில் குறுக்கே ஏறி மிச்சம் பிடிக்காதீர்கள். அந்தக் கால்தடத்தில்தான் அடுத்த மழைத் தண்ணீர் ஓடும், இரண்டு மூன்று மழைக்காலத்தில் அது ஓடையாகிப் பாதையையே அரித்துவிடும்.

மேலே மரங்கள் விலகி வானம் தெரிந்ததும் உச்சி வந்துவிட்டது என்று நினைப்போம், ஏறிப் பார்த்தால் அதற்குப் பின்னால் இன்னொரு மேடு நிற்கும். பல மலைகளில் இப்படி இரண்டு மூன்று இருக்கும். மனம் உடையும் இடம் இதுதான். அதனால் எவ்வளவு உயரம் ஏறிவிட்டோம் என்பதைக் கண்ணால் மதிப்பிடாமல் போனில் உயர அளவைப் பாருங்கள்.

இடி கேட்டால்

மின்னலுக்கும் இடிக்கும் நடுவே எண்ணுங்கள். ஒலி 1 கிலோமீட்டர் வர ஏறக்குறைய 3 நொடி ஆகும். 30 நொடிக்குள் இடி கேட்டால் மின்னல் 10 கிலோமீட்டருக்குள் இருக்கிறது, உச்சி எவ்வளவு பக்கத்தில் இருந்தாலும் திரும்புங்கள். உச்சி, வெட்டவெளி, தனி மரம், பாறையின் முன்நீட்டலுக்கு அடியில், எதுவும் வேண்டாம். கடைசி இடிக்குப் பிறகு 30 நிமிடம் காத்திருங்கள்.

உச்சியில்

உடனே உலர்ந்த உடையைப் போட்டுக்கொள்ளுங்கள். உயரம் 1000 மீட்டர் கூடினால் சராசரியாக 6.5 டிகிரி செல்சியஸ் குறையும், காற்று வேறு. சாப்பிடுங்கள், தண்ணீர் குடியுங்கள், லேஸை மாற்றிக் கட்டுங்கள். பாதை உச்சியைத் தொடும் இடத்தை வந்ததுமே குறித்து வையுங்கள், ஏனென்றால் பல உச்சிகளிலிருந்து நாலா பக்கமும் ஒற்றையடித் தடங்கள் இறங்கும், பார்க்க எல்லாம் ஒன்றுபோல இருக்கும். போட்டோவுக்காக விளிம்பில் பின்னோக்கி நடக்காதீர்கள், ஈரப் பாறையில் ஏறாதீர்கள்.

இறக்கம்

எனக்குக் கணுக்கால் பிசகியது உச்சிக்குக் கீழே கையூன்றி இறங்கிய பாறையில் இல்லை. எல்லாம் முடிந்து, வண்டி நிறுத்தியிருந்த இடம் மரங்களுக்கு நடுவே தெரிய ஆரம்பித்த பிறகு, கிட்டத்தட்ட சமமாகிவிட்ட மண்பாதையில், ஒரு சின்ன வேரில். கால் சோர்ந்திருந்தது, கவனம் வீட்டுக்குப் போய்விட்டது. அதனால்தான் இறக்கத்தில் பாதி வழியில், வேண்டாம் என்று தோன்றினாலும், 5 நிமிடம் உட்காரச் சொல்கிறேன்.

முழங்காலை விறைப்பாக வைக்காமல் லேசாக மடித்தே வையுங்கள், அடி சின்னதாக, சத்தம் வராமல். தடதடவென்று சத்தம் கேட்டால் அந்த அடி முழுவதும் மூட்டுக்குள் போகிறது என்று அர்த்தம். பயத்தில் உடம்பு தானாகப் பின்னால் சாயும். அப்படிச் சாய்ந்தால் எடை குதிகாலுக்குப் போய்க் கால் முன்னால் வழுக்கி உட்கார்ந்துவிடுவோம், மூக்கு கால்விரலுக்கு மேலே இருக்கிற மாதிரி கொஞ்சம் முன்னால் வாருங்கள். பாறைமேல் சரளை சிதறியிருந்தால் கோலிக்குண்டு மாதிரி உருளும், சுற்றிப் போங்கள். ரொம்பச் செங்குத்தான மண்ணில் பக்கவாட்டில் திரும்பி ஒவ்வொரு காலாக இறங்குங்கள், பாறையில் ஏணி இறங்குவதுபோல முகத்தைப் பாறைப் பக்கம் திருப்பி இறங்குங்கள். எதிரே ஏறி வருபவருக்கு ஒதுங்கி வழி விடுங்கள், ஒதுங்கும்போது பள்ளத்துப் பக்கம் நிற்காமல் மேட்டுப் பக்கம் நில்லுங்கள்.

மரங்களுக்குள் இருட்டு வெளியைவிட முன்பே வந்துவிடும். அடிவானம் தெரியும் இடத்தில் கையை நீட்டி, அடிவானத்துக்கும் சூரியனுக்கும் நடுவே எத்தனை விரல் அடுக்க முடிகிறது என்று பாருங்கள், ஒரு விரலுக்குத் தோராயமாக 15 நிமிடம்.

ஏதாவது தவறிப்போனால்

பாதை தெரியவில்லை என்றால் நில்லுங்கள். உறுதியாகத் தெரிந்த கடைசி இடத்துக்குத் திரும்பி ஏறுங்கள், எரிச்சலாகத்தான் இருக்கும், ஆனாலும் ஏறுங்கள். ஓடையைப் பிடித்துக்கொண்டு இறங்கினால் ஊர் வரும் என்று நம்பிப் போகாதீர்கள், செங்குத்தான மலையில் ஓடை அருவியாகவோ பாறை விளிம்பிலோ முடியும். உதவிக்கு ஒரு நிமிடத்தில் 6 முறை விசில், ஒரு நிமிடம் இடைவெளி, மறுபடி 6. நிமிடத்துக்கு 3 முறை பதில் விசில் வந்தால் யாரோ கேட்டுவிட்டார்கள். பல நாடுகளில் 112 என்ற எண்ணை, உங்கள் நிறுவனத்தின் சிக்னல் இல்லாவிட்டாலும், வேறு நிறுவனத்தின் சிக்னல் இருந்தால் அழைக்க முடியும். கிளம்பும் முன் அந்தப் பகுதியின் அவசர எண்ணைத் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள்.

பாம்பு கடித்தால் கீறாதீர்கள், உறிஞ்சாதீர்கள், இறுக்கிக் கட்டாதீர்கள். கடிபட்ட உறுப்பை அசையாமல் வைத்து, முடிந்தவரை நடக்கவிடாமல் தூக்கிக்கொண்டு, மருத்துவமனைக்குத்தான் போக வேண்டும்.

மறுநாள்

தொடை வலி அன்றைக்கே பெரிதாகத் தெரியாது, 1 முதல் 3 நாளுக்குள் உச்சத்துக்கு வரும், அப்புறம் தானாகக் குறையும். லேசான நடை உதவும், படுத்தே கிடந்தால் விறைப்பு கூடும். ஆனால் மூட்டு வீங்கியிருந்தாலோ, ஒரே இடத்தில் குத்துகிற வலி என்றாலோ, சிறுநீர் கருஞ்சிவப்பாகப் போனாலோ மருத்துவரைப் பாருங்கள்.

வந்த அன்றைக்கே, ஏற எத்தனை நிமிடம், இறங்க எத்தனை நிமிடம், தண்ணீர் எவ்வளவு மிச்சம் என்று மூன்று எண்ணை எழுதி வையுங்கள். அடுத்த மலைக்கு நெய்ஸ்மித் கணக்கை ஒன்றரையால் பெருக்குவதா, இல்லை உங்களுக்கு 1.3 போதுமா என்பது அதிலிருந்து தெரிந்துவிடும்.